மறக்காத மெஷினும் மாம்பழ மஞ்சளும்

தெற்கு மாசி வீதி,
மதுரை.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மாப்பிள்ளை ரவிசங்கர் அவர்களுக்கு,

மாமனார் ஹரிராம், தங்கள் சுகத்தையும் எங்கள் மகள் இந்துப்ரியாவின் சுகத்தையும் முதலில் விசாரித்துவிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம். தங்கள் அத்தை ஹம்சவேணி சுகம். கடை சுகம். தீபாவளிக்குத் தாங்கள் பெங்களூரிலிருந்து காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன மெஷினும் பரம சுகம். அதற்கு ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி வரக்கூடாதா என்றுதான் நான் தினமும் பெருமாளை வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதை அதிலேயே அடித்து அனுப்பாமல் ஏன் கையால் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். படித்து முடிக்கும்போது தெரியும். எழுத்து வரியை விட்டு இறங்கி ஓடினால் என்னைக் குறை சொல்ல வேண்டாம். இப்போது வருகிற தாள்களில் கோடே சரியாகத் தெரிவதில்லை.

முறைப்படி தீபாவளிக்கு மாமனார்தான் மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டும். தாங்கள் அதைத் தலைகீழாக்கி, வேஷ்டி சட்டை வாங்கிக்கொண்ட கையோடு எங்களுக்கு இரண்டு புதுக் கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கொடுத்தீர்கள். ஒன்று இங்கே, ஒன்று ஒத்தக்கடையில் நாங்கள் புதிதாகத் திறந்த கடையில். ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். தாங்கள் விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. “மாமா, பழைய கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனா எல்லாம் மறந்துரும். இதோட மெமரி மறக்காது. எந்த எழுத்துல விரலை வச்சிருந்தீங்களோ, கரண்ட் வந்ததும் அந்த எழுத்துலயே வந்து நிக்கும். நடுவுல ஃபைபர் கேபிள் போட்டாச்சு. இங்க தட்டுனது ஒத்தக்கடைப் பெட்டியோட மெமரிக்குள்ளயே நேராப் போய் உக்காந்துக்கும். அங்க யாரையும் கேக்காது, எழுப்பாது. நீங்க கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள ரெண்டு எடத்துலயும் இருக்கும். ஒண்ணு தீப்பிடிச்சு எரிஞ்சாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும்.” நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை பேசும்போது மாமனார் தலையாட்டுவது நம் வழக்கம். புரிந்ததா என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

தங்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் கடை இத்தனை காலம் ஓடியதில் பாதி சுங்குடிப் புடவையால், பாதி மெயின் ஸ்விட்சால். பழைய கம்ப்யூட்டர் மறப்பதைத் தாங்கள் குறை என்றீர்கள். நாங்கள் அதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினோம். கல்லாவுக்குப் பின்னால் மெயின் ஸ்விட்ச். அதன் அருகில் எந்நேரமும் நம் சேல்ஸ்மேன் சோலை. பில் போட்ட பிறகு யாராவது பேரம் பேசி உயிரை எடுத்தால் நான் வாசலைப் பார்த்து, “சோலை, மழை வருமாய்யா?” என்பேன். அவன் வானத்தைப் பார்க்கிற மாதிரி எழுந்து முதுகால் ஸ்விட்சை ஒரு இடி இடிப்பான். ஃபேன் நிற்கும், விளக்கு அணையும், பில் போய்விடும். “அடடா, எல்லாம் அழிஞ்சிருச்சே, மொதல்ல இருந்துல்ல போடணும்” என்று நான் கையைப் பிசைவேன். வேர்த்துக் கொட்டும் வாடிக்கையாளர், “சரி சரி, சொன்ன விலைக்கே போடுங்க” என்று இறங்கி வருவார். இரண்டு சம்பந்திகள் முகூர்த்தப் புடவை என்ன கலர் என்று கடைக்குள்ளேயே மல்லுக்கு நின்றாலும் மழைதான். இருட்டில் யாரும் ரொம்ப நேரம் சண்டை போட மாட்டார்கள். மோர் குடித்து, விசிறிக்கொண்டு உட்கார்ந்து, கரண்ட் வரும்போது புது மனிதர்களாக ஆரம்பிப்பார்கள். இந்த நுணுக்கத்தை எந்தக் காலேஜிலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மெஷின் வந்த புதிதில் தங்கள் தாயார் சாரதாம்பாள் அம்மாள் புடவை எடுக்க வந்தார்கள். வரவேற்று, உட்கார வைத்து, காபி வரவழைத்து, எடுத்ததற்கெல்லாம் பில் போட்டேன். பில்லின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் சோலைக்காக ஒரு வரி அடித்திருந்தேன். அது எங்களுக்குள் நடக்கிற சாதாரணக் கடை வேலை. பிறகு பேரம் நீண்டது. சோலையிடம் மழையைப் பற்றி விசாரித்தேன். அவனும் இடித்தான். கரண்ட் மறுபடி வந்ததும், “அடடா, எல்லாம் அழிஞ்சிருச்சே” என்று நான் ஆரம்பிக்கிறேன், திரை பளிச்சென்று விழிக்கிறது. எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று தாங்களே பெரிது பண்ணிக் கொடுத்த அந்தச் சைஸ் எழுத்தில், ‘சம்பந்தியம்மா. விலையைக் கூட்டிச் சொல்லிக் குறைக்கவும். குறைத்தாலும் பேரத்தை நிறுத்த மாட்டார்’ என்று நிற்கிறது. தங்கள் தாயார் பெரிய மனது படைத்தவர்கள். புடவையைக் கீழே வைத்துவிட்டு, “மழை வருதாமே, நான் கெளம்புறேன் சம்பந்தி” என்று மட்டும் சொல்லிப் போனார்கள். தங்களிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். சொல்லியிருந்தால், தப்பு மெஷினுடையது.

அன்றே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. விலை உயர்ந்த மெஷின் ஆயிற்றே, மறப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்போலிருக்கிறது, ஒரு காபி குடிக்கிற நேரம் அணைத்து வைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். இதைத் தங்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அந்தக் கௌரவம்தான் இப்போது என்னைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது.

மாப்பிள்ளை, எனக்குப் பிளட் பிரஷர் இருப்பது தங்களுக்குத் தெரியும். “கோபத்த உள்ள வச்சு அமுக்காதீங்க, வெளிய விட்ருங்க” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே விடுவது? ஹம்சவேணியிடம் விட்டால் வட்டியோடு திரும்பி வரும். சோலையிடம் விட்டால் அடுத்த கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். அதனால் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் குறிப்புக் கட்டத்தில் மனதில் இருப்பதை அப்படியே அடிப்பேன். ஒருமுறை படித்துப் பார்ப்பேன். நன்றாகத்தான் திட்டியிருக்கிறோம் என்று திருப்தியாக இருக்கும். மெயினை அணைப்பேன். எல்லாம் போய்விடும், பிரஷரும் இறங்கிவிடும். தங்களைப் பற்றி அதில் ஒன்றும் அடித்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அது பழைய கம்ப்யூட்டர் காலம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அப்துல் ரசாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கள் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் இரண்டாம் தரம் பாயசம் போடச் சொல்லிச் சண்டை போட்டாரே, அவர்தான். கல்யாணமாகாத வயதில் நானும் அவனும் சேர்ந்து புடவை மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் விற்ற காலத்திலிருந்து கூட்டாளி. முடிச்சுப் போடுவதும் சாயமும் எங்கள் பக்கம், வெளியூர் வியாபாரம் அப்போது அவன் பக்கம். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. வீட்டில் பேசும் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் அவனைத் திட்டலாம் என்றால் அதுவும் அவனுக்குப் பழகிவிட்டது. என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறான். ஒத்தக்கடையில் கடை திறந்தபோது, “நீ போய் உக்காருடா, உன்ன விட்டா ஆளில்ல” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தது நான்தான். சாயப் பட்டறையிலிருந்து புடவைகள் முதலில் அவனிடம் போகும். அவன் கலர்வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டி, சீட்டு ஒட்டி இங்கே அனுப்புவான்.

ஒரு வருஷமாக அந்தச் சீட்டில்தான் கோளாறு. எலுமிச்சை மஞ்சள் என்று ஒட்டியிருப்பான். பிரித்தால் உள்ளே கனிந்த மாம்பழ மஞ்சள். ஒரு கட்டு, இரண்டு கட்டு என்றால் பரவாயில்லை, வருவதெல்லாம் அப்படியே. அவன் போனில் வருகிற மெசேஜைக்கூடக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். பாவம், கண் போய்விட்டது, சொன்னால் நொந்துவிடுவான் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் சீட்டைக் கிழித்துவிட்டு மாம்பழம் என்று என் கையால் எழுதி ஒட்டி வெளியூருக்கு அனுப்பினேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத் திருத்தியும் புகார் நிற்கவில்லை. மாம்பழம் கேட்டோம், எலுமிச்சை வந்திருக்கிறது என்று திண்டுக்கல்லிலிருந்து பார்சல் திரும்பியது, தேனியிலிருந்து திரும்பியது. நான் கவனிக்காமல் விட்ட கட்டு ஏதோ போயிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “ரசாக் அண்ணனுக்கா கலர் தெரியாது?” என்று தங்கள் அத்தைகூட அவன் பக்கம்தான் பேசினாள்.

போன செவ்வாய்க்கிழமை உசிலம்பட்டி சுந்தரம்மாள் போன் செய்தார்கள். பேத்தி காதுகுத்துக்காக வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி மாம்பழ மஞ்சள் சுங்குடி சொல்லியிருந்தவர்கள். “என்னண்ணே, அம்புட்டும் எலுமிச்சையால்ல இருக்கு! இத உடுத்திக்கிட்டு நின்னா காமாலை வந்த குடும்பம்னு சொல்ல மாட்டாகளா?” என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தேன். அவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மகள் ஒத்தக்கடையில் குடியிருப்பதால் புடவையை மாற்ற நேராக அங்கேயே போய், ரசாக்குக்கு எதிரில் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்கள்.

எனக்கு நெற்றி நரம்பு தெறித்தது. சுந்தரம்மாள் பில்லைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்: ‘ரசாக்குக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. மாம்பழத்தை எலுமிச்சைன்னு கட்டி அனுப்புறான். ஒரு வருசமா இவனுக்கு நான் முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். பேசாம வீட்டுல உக்காந்தான்னா எனக்கும் நல்லது, புடவைக்கும் நல்லது. அவன் ஒரு’. அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். “சோலை, மழை வருமாய்யா?” என்றேன். இடித்தான். “காபி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் போடாத” என்று சொல்லிவிட்டுப் போய் நிதானமாக ஒரு காபி குடித்தேன். உலகத்தில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தால் போன். மறுபடி சுந்தரம்மாள். “அண்ணே, ‘அவன் ஒரு’ன்னு நிக்குதே. மிச்சம் எப்பண்ணே வரும்? இங்க எல்லாரும் காத்துக்கெடக்கோம்.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர்களே சொன்னார்கள். புடவையை மாற்றிக் கொடுப்பதற்காக ரசாக் அங்கே அதே பில்லைத் திறந்து வைத்திருக்கிறான். அந்தத் திரையில் எழுத்துப் பொடி. எழுத்து அதுவாக ஊர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, உங்கள் அண்ணன் ஏதோ சமாதானம் எழுதுகிறார், நீங்களே படியுங்கம்மா என்று சொல்லியிருக்கிறான். சுந்தரம்மாள் குரல் தாங்களும் கேட்டிருக்கிறீர்கள். மைக் வைத்தால் மைக்குக்குத்தான் கஷ்டம். கடை நிறையக் கூட்டம். நான் இங்கே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட, அவர்கள் அங்கே ஒவ்வோர் எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். ‘அவன் ஒரு’ என்பதோடு நான் மெயினை அணைத்துவிட்டேன். இங்கே இருட்டு. அங்கே நடுத்திரையில் ‘அவன் ஒரு’, பக்கத்தில் கண்ணடித்துக்கொண்டே நிற்கும் குச்சி. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். அந்த வார்த்தைகளைச் சுந்தரம்மாள் எனக்கு ஒப்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் அவற்றை எழுத முடியாது.

உடனே அழிக்கப் பார்த்தேன். பழக்க தோஷம், முதலில் மெயினைத்தான் அணைத்தேன். வந்ததும் ‘அவன் ஒரு’ அப்படியே நின்றது. சோலையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கி, திருப்பி மாட்டி, தட்டி, ஊதி, கற்பூரம்கூடக் காட்டினோம். ‘அவன் ஒரு’. பெட்டியில் எரிகிற பச்சை விளக்கு, சுற்றிலும் வட்டம் வட்டமாக ஒளி வீசிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. தங்களுக்குப் போன் போட்டேன். தாங்கள் மீட்டிங்கில் இருந்துகொண்டு, “அழிக்கலாம் மாமா, ஆனா நீங்க அழிச்சீங்கங்கறதும் அதுல பதிவாகும்” என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டீர்கள். அழித்தும் பயனில்லை என்றால் முடித்தாவது வைப்போம் என்று, விட்ட இடத்திலிருந்து ‘தங்கமான மனுசன்’ என்று அடித்தேன். அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. சுந்தரம்மாள் மூன்றாம் முறை போன் செய்து, “ரொம்ப யோசிச்சுப் போட்டீகளாக்கும்ணே” என்றார்கள்.

அன்றிலிருந்து ரசாக் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறான். “வணக்கம் சார். சரக்கு வந்துருச்சு சார். வச்சிர்றேன் சார்.” அவ்வளவுதான். நான் தாங்க முடியாமல் மறுநாள் ஒரு ஃபிளாஸ்க் நிறைய ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு, சோலையையும் கூட்டிக்கொண்டு ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறினேன். அவனுக்கு அது என்றால் உயிர். மேலூர் ரோடு நெரிசலில் அது பாதி உருகி, மீதி என் வேஷ்டியில். ரசாக் எழுந்து நின்றான்.

“வாங்க சார். உக்காருங்க சார்.”

“என்னடா மாப்ள, சாரு மோருங்கற?”

“மொதலாளிய வேற எப்படிக் கூப்புடுறது?”

“யாருடா மொதலாளி? போர்டுல ரெண்டு பேரு பேரும்தானே இருக்கு?”

“கண்ணு அவிஞ்சவனுக்கு போர்டு எங்க சார் தெரியப் போகுது.” ஒரு புடவையை உருவி என் முன்னால் விரித்தான். “இது என்ன கலர்?”

“மாம்பழம்.”

“எலுமிச்சை.”

“டேய், சத்தியமா மாம்பழம்டா.”

இருவரும் சோலையைப் பார்த்தோம். சோலை புடவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். “ரெண்டும் கலந்தாப்புல இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

“அதெல்லாம் விடுங்க சார். அந்த ‘அவன் ஒரு’வுக்கு மிச்சம் என்னன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“அதான் அடிச்சேனேடா, தங்கமான மனுசன்னு.”

“அது காபி குடிச்சிட்டு வந்து அடிச்சது. மொதல்ல மனசுல என்ன இருந்துச்சு?”

அதுதான் மாப்பிள்ளை, எனக்கே நினைவில்லை. சத்தியமாக மறந்துவிட்டேன். மெஷின் அரை வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது. மீதி அரை என் தலையில் இருந்தது, காபியோடு போய்விட்டது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ரசாக் நம்பவில்லை. “நீங்க சொன்னபடியே இந்த மாசத்தோட வீட்ல உக்காந்துர்றேன் சார்” என்றான். ஜிகர்தண்டாவைத் தொடவில்லை. சோலைதான் குடித்தான்.

நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ தடவை அவனிடம் முகத்துக்கு நேரே இதைவிடப் பெரிதாகச் சண்டை போட்டிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் இருவருமே மறந்துவிடுவோம். யாரும் யாரையும் மன்னிக்க வேண்டி வந்ததே இல்லை, அதற்குள் மறந்திருக்கும். இந்தத் தடவை அவன் திரையைத் திறக்கும்போதெல்லாம் அது புதிதாக அடித்ததுபோல நிற்கிறது. அவன் போய்விட்டால் எனக்குக் கடை எதற்கு? யாரிடம் விலை கேட்பேன், யாரோடு சண்டை போடுவேன்? இதைத் தங்கள் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது: தாங்கள் அன்போடு தந்த பொருளைத் திருப்பித் தருவது மரியாதையில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், இந்த வாரமே வந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். என் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடவில்லை, பரணில் இருக்கிறது. அது மறக்கும். எனக்கு அது போதும். தங்கள் கம்பெனியில் அத்தனை படித்தவர்கள் இருக்கிறீர்கள், ஞாபகத்துக்கு இவ்வளவு பாடுபட்ட நீங்கள் மறதிக்கும் ஏதாவது செய்திருக்கக் கூடாதா? கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். மாமனார் மாப்பிள்ளையிடம் கோபப்படுவது நம் குடும்பத்தில் இல்லை.

தங்களுக்கு மேலும் மேலும் பதவி உயர்வும், இந்துவுக்கு நல்ல பசியும் தூக்கமும், இருவருக்கும் நீண்ட ஆயுளும் பெருமாள் கொடுக்கட்டும். தங்கள் தாயார் அவர்களுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். அந்தப் புடவைகளை எடுத்து வைத்திருக்கிறேன், மழை நின்றுவிட்டது என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசிகளை வேண்டும் (மன்னிக்கவும், மனம் குழம்பிக் கிடக்கிறது) தங்களுக்கு ஆசிகள் வழங்கும் மாமனார்,
ஹரிராம்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது ரசாக் மாமா எழுதுறது. உங்க மாமாவுக்குக் கண்ணுல கட்டுப் போட்டிருக்கு, அதனால அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கங்க. கவர்ல போட்டு ஒட்டி வச்சிருந்த இந்தக் கடுதாசியப் பிரிச்சதும் நான்தான்.

எனக்கு மனசு ஆறல. நெசமாவே கண்ணு போச்சான்னு எம் புள்ளைக கேட்டா என்ன சொல்லுவேன்? அதனால நேரா கடைக்கு வந்து, “கெளம்புங்க சார் ஆஸ்பத்திரிக்கு. யாரு கண்ணு அவிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லட்டும்”னு உங்க மாமாவ ஆட்டோவுல ஏத்திட்டேன். எனக்குத் தொணைக்கு வந்தவரையும் சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிருங்கன்னு அங்க சொன்னேன். டாக்டரம்மா ரெண்டு பேரையும் பாத்தாங்க. என் கண்ணுக்கு ஒண்ணுமில்லயாம். கலரெல்லாம் சுத்தமாத் தெரியுது. பக்கத்துல படிக்கத்தான் கண்ணாடி வேணும். அத எப்பவோ போட்டிருக்கணும், நாந்தான் வயசாயிருச்சுன்னு சொல்லுவாங்களேன்னு தள்ளிப் போட்டேன். உங்க மாமாவுக்குத்தான் ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்திப் போயி, பழுப்புக் கண்ணாடி மாட்டின மாதிரிப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. எலுமிச்சம்பழத்தக் கையில குடுத்தாலும் மாம்பழம்னுதான் சொல்லுவாராம். ஒரு வருசமா நான் ஒழுங்கா ஒட்டி அனுப்புன சீட்டையெல்லாம் கிழிச்சுத் தப்பாக்குனது இவருதான். திரும்புன பார்சல் அம்புட்டும் இவரு பண்ணுனது. சோலையப் புடிச்சு உலுக்குனேன். “எனக்கு அப்பவே தெரியும்ணே, எப்படிச் சொல்றது”ங்குறான்.

இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா சிக்கலாப் போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்தக் குறிப்பு அழிஞ்சு போயிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்காது, நான் இவர ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கவும் மாட்டேன். அதனால பெட்டி எங்கயும் போகாது, நீங்க வந்து எடுக்க வேணாம். பெட்டிய எடுத்துட்டுப் போகச் சொன்ன அந்தப் பத்தியவே அடிச்சிருன்னு உங்க மாமா சொல்றாரு. நான் அடிக்கல, கெடக்கட்டும். கடுதாசி முழுசும் புதுக் கண்ணாடில படிச்சிட்டேன். ‘அவன் போய்விட்டால் எனக்குக் கடை எதற்கு’ன்னு ஒரு எடத்துல எழுதியிருக்காரு பாருங்க, அத மட்டும் ரெண்டு தரம் படிச்சேன். சத்தமாப் படிக்கல.

மாசக் கடைசி வரைக்கும் வீட்டுல உக்காரப் போறது அவருதான், டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க. ரெண்டு கடையும் அதுவரைக்கும் எம் பொறுப்பு. மொதக் கண்ணு ஆபரேசன் இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சது. நாளைக்குக் காலைல கட்டுப் பிரிக்கிறாங்க. மொதல்ல யாரு மொகத்தப் பாக்கணும்னு நர்ஸு கேட்டதுக்கு, உங்க அத்த பக்கத்துல நிக்கிறப்பவே என் பேரச் சொல்லிட்டாரு. அதுக்குத் தனிப் பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. நான் நல்ல வெள்ளச் சட்டையாப் போட்டுக்கிட்டுப் போறேன். வெள்ளன்னு சொல்றாரான்னு பாப்போம்.